பியானோவைப் பத்து மணிக்கு எடுக்கிறார்கள்

எங்கள் வீட்டுக்குப் பியானோ வந்தது ஓசியில். ஓசி என்பதால்தான் வந்தது. காசு கேட்டிருந்தால் என் மகன் அந்தத் திசையில் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டான்.

சென்னையில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில், அவனுக்கு மேலே இருந்த அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். போகுமுன் வீட்டுச் சாமான்களைத் தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். முந்திக்கொண்டு போனவர்களுக்கு ஃபிரிட்ஜ், சோபா, வாஷிங் மெஷின். என் மகன் கூச்சப்பட்டவன், கடைசியில் போய் நின்றான். கடைசியில் நின்றவனுக்குப் பியானோ. பெரிய மனிதர் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் எந்தத் தலைமுறைக்கும் கிடையாது. பண்ணையார் கொடுத்த கிழிந்த வேட்டியை என் மாமனார் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாராம். பேரன் பி.இ. படித்தவன். அவன் பியானோவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அவன் குடியிருப்பது மாடியில். லிஃப்டில் அது நுழையவில்லை. படிக்கட்டில் திருப்ப முடியவில்லை. லாரி பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டான்.

"கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கட்டும்மா. அதோட மதிப்பு ஒனக்குத் தெரியாது" என்றான் போனில்.

மதிப்பு தெரியவில்லை, எடை தெரிந்தது. இறக்கி வைத்த ஆட்கள் போன பிறகு பார்த்தால், கூடத்து சிமெண்டுத் தரையில் கீறல் விழுந்திருந்தது.

எங்கள் வீடு திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். முன்னால் ஒரு கூடம், பின்னால் ஓர் அறை, பக்கத்தில் அடுப்படி, அவ்வளவுதான். கூடத்து ஜன்னலைத் திறந்தால் வாசல், ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், அதற்கும் அந்தப் பக்கம் எங்கள் வயல். மற்றச் சுவர்களில் கதவும் பீரோவும் சாமி மாடமும் இருந்ததால், அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டுதான் அது நின்றது.

வந்த புதிதில் அதற்குக் கிடைத்த மரியாதை என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட எனக்குக் கிடைக்கவில்லை. ஊர்ப் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். திருட்டுப் பயம் என்று சொல்லி என் மகன் வாசலில் கிரில் போட்டுப் பூட்டுப் போடச் சொன்னான். லீவுக்கு வந்த பேத்தி மட்டும் உட்கார்ந்து தட்டிப் பார்த்தாள். "சுருதியே போயிடுச்சு அப்பத்தா" என்று மூடிவைத்துவிட்டு, மாங்காய் பறிக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அதை வாசித்தது எலி ஒன்றுதான்.

டிவியைத் தூக்கி அதன் தலையில் வைத்தோம். அன்றிலிருந்து அது உபயோகமுள்ள பொருள் ஆயிற்று.

பியானோ என்ற சொல் என் வாயில் ஒழுங்காக வராது. யாராவது சிரித்துவிடுவார்களோ என்று சொல்லவே மாட்டேன். "அது" என்பேன், அல்லது ஒன்றும் சொல்லாமல் கையைக் காட்டுவேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் வீட்டுக்காரர் பெயரையும் நான் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வேன். ஆக, எங்கள் வீட்டில் நான் பெயர் சொல்லாதவை இரண்டு இருந்தன. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியாது.

இந்த வருஷம் தை அறுப்பு முடிந்த கையோடு என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு இழுத்து இழுத்து வரும். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து பின்னறையில் கட்டில் போட்டோம். அந்த அறையிலும் ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். எட்டிப் பார்க்க ஒரு பல்லிகூட இல்லாத சுவர்.

மாசியும் பங்குனியும் சித்திரையும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வைகாசி கடைசியில், மேட்டூர் அணையைத் திறக்கப்போகிறார்கள் என்று கூடத்து டிவியில் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

"என்னைக் கூடத்துல போடு" என்றார்.

"எதுக்குங்க?"

"ஜன்னல்கிட்டப் போடுடி. வாய்க்கால்ல தண்ணி வர்றத நான் பாக்கணும்."

வாய்க்காலில் தண்ணீர் வருவதை வாழ்நாள் முழுக்கக் கரையில் நின்று பார்த்த மனிதர். எங்கள் வயல் மதகில் முதல் தண்ணீரான தலைத்தண்ணீர் தொடும்போது அவர் அங்கே இல்லாத வருஷம் கிடையாது. மகன் பிறந்த அன்றுகூட மதகைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் பார்க்க வந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. ஆனாலும் இந்த வருஷம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க, தண்ணீர் பாட்டுக்கு வந்துவிட்டுப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அணை திறந்தால் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிவிடும்? அதற்குள் அதை எடுக்க வேண்டும்.

மகனிடம் சொன்னேன். பெருமூச்சு விட்டான். பிறகு, "சரி, வித்துடலாம்மா" என்றான். அவனுக்கு அது இன்னும் விற்கிற பொருளாகத்தான் தெரிந்தது.

படம் பிடித்துப் போட்டு விளம்பரம் செய்தான். பார்க்க வருபவர்களுக்கு வசதியாக என் நம்பரைக் கொடுத்துவிட்டான். அறியாதவர்களோடு போனில் பேச எனக்கு நாக்கு எழாது. ஒருவர் கேட்டார்:

"அம்மா, இது கரண்ட்ல ஓடுறதா?"

"இல்லைங்க."

"பேட்டரியா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுலதான் ஓடுது?"

"ஓடாதுங்க. நிக்கும்."

அவர் வைத்துவிட்டார்.

மரக்கடைக்காரர் வந்து நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். "மரம் வரைக்கும் நான் எடுத்துக்கிறேன். உள்ள இருக்குற இரும்பைக் கழட்டி வச்சுடுங்க" என்றார். பழைய இரும்புக் கடைக்காரர் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். "இரும்பு வரைக்கும் நான் எடுத்துக்கிறேன். மரத்தை உரிச்சு வச்சுடுங்க" என்றார். இரண்டு பேரையும் ஒரே நாளில் வரவழைத்தேன். அவர் முதலில் கழற்றட்டும் என்று இவரும், இவர் முதலில் உரிக்கட்டும் என்று அவரும் வாசலில் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

விற்காது என்று தெரிந்த பிறகு தானம் கொடுக்கும் எண்ணம் வந்தது. எங்களுக்குப் புண்ணியத்தில் ஆசை வருவது அப்படித்தான். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மிகவும் சந்தோஷப்பட்டார். "நல்ல மனசும்மா ஒங்களுக்கு. ஒரு ரூம் கட்டிக் குடுத்து, சொல்லிக்குடுக்க ஒரு டீச்சரையும் போட்டுக் குடுத்தீங்கன்னா, நாங்க தாராளமா ஏத்துக்குவோம்" என்றார்.

மாதா கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஃபாதர் சின்ன வயசுக்காரர். நாங்கள் சொல்லி முடிக்கும் முன்னே முகம் மலர்ந்துவிட்டது. "எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கும்மா. எப்படியும் வண்டி வைக்கத்தானே போறீங்க, அப்படியே இதையும் ஏத்திக்கிட்டுப் போயிடுங்களேன்" என்றார். பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்காவிட்டால், கூச்சத்தில் நான் சரி என்று சொல்லியிருப்பேன்.

தஞ்சாவூரில் கல்லை எறிந்தால் பாட்டுக்காரர் தலையில்தான் விழும் என்பார்கள். அப்படி ஒருவருக்கு மகன் போன் போட்டுக் கொடுத்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுரத்த வளைச்சு வாசிக்க முடியாது, அதுல கமகம் வராதேம்மா" என்றார். எனக்குக் கமகம் வர வேண்டியதில்லை. அது வெளியே வந்தால் போதும்.

நடுவில் கிரில் கதவைப் பூட்டாமல் விட்டும் பார்த்தேன். வாசலில் கிடந்த ரப்பர் செருப்புதான் போயிற்று.

அணையைத் திறந்துவிட்டார்கள். டிவியில் பூப் போட்டுக் கும்பிட்டார்கள். பின்னறையிலிருந்து காலையிலும் சாயங்காலமும் ஒரே கேள்வி: "எடுத்தாச்சா?" நான் கஞ்சியைக் கரைப்பேன்.

கடைசியில் பேராவூரணியிலிருந்து ஒருவர் கிடைத்தார். தென்னந்தோப்புக்குள் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். பொண்ணும் மாப்பிள்ளையும் பியானோ முன்னால் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வது இப்போது வழக்கமாம். "சத்தம் வரணும்னு இல்லைங்க. வராம இருந்தா இன்னும் நல்லது" என்றாராம் மகனிடம். ஆனால் டெம்போ, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் எங்கள் செலவு. அதோடு, கிரில் வழியாக அது போகாது. வெல்டிங்காரரைக் கூப்பிட்டுக் கிரிலை அறுக்க வேண்டும். திருடன் கொண்டுபோய்விடக் கூடாது என்று போட்ட கிரில், நாங்களே கொண்டுபோக விடவில்லை.

எல்லாம் பேசி முடித்த சாயங்காலம் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பட்டுக்கோட்டையிலிருந்து போன்.

பட்டுக்கோட்டை என் நாத்தனார் வீடு. என் வீட்டுக்காரருடைய ஒரே தங்கை. இந்தப் பொங்கலுக்கு நாங்கள் கொண்டுபோன சீரில் கரும்பு ஒல்லியாக இருந்தது என்று அண்ணனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வார்டு வாசல் வரைக்கும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே வந்தால் கரும்பு விஷயத்தில் விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும். அவள் மருமகள் மட்டும் மாமியாருக்குத் தெரியாமல் எப்போதாவது எனக்குப் போன் செய்து நலம் கேட்பாள். நானும் பியானோ படும் பாட்டை அவளிடம்தான் சொல்லி ஆற்றிக்கொள்வேன்.

"இப்ப எப்படி இருக்கு பெரியம்மா?" என்றாள்.

என் நினைப்பெல்லாம் அதன் மேல். "முடிஞ்சுதும்மா. இப்பத்தான் முடிவாச்சு" என்றேன்.

"எப்ப பெரியம்மா?"

"இப்பத்தான், வெளக்கு வைக்கிற நேரத்துக்கு. எத்தனை நாளா இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. ஒருவழியா நல்லபடியா முடிஞ்சுது. எனக்கு இப்பத்தான் மூச்சே வருது."

"சென்னை அண்ணனுக்குச் சொல்லியாச்சா?"

"அவன்தானம்மா எல்லா ஏற்பாடும் பண்ணினான். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எடுக்குறாங்க."

அதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சொருகி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். அவள் அங்கே மாமியாரிடம் ஓடிச் சொன்னதும், அவர்கள் என் மகனுக்குப் போன் போட்டு அவன் மீட்டிங்கில் இருந்து எடுக்காததும், "போன எடுக்கலைன்னா கிளம்பிட்டான்னுதானே அர்த்தம்" என்று நாத்தனார் வேனுக்குச் சொல்லி அனுப்பியதும் எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் வெல்டிங்காரர் கிரிலை அறுத்துச் சுவரில் சாய்த்தார். டெம்போ வந்தது. லோடுமேன்கள் அதை மல்லாக்கச் சாய்த்து, இரண்டு பக்கமும் மூங்கில் கொடுத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கீறல் விழுந்தால் மண்டபக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று, நான்தான் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை மேலே போர்த்தினேன். முக்கி முனகி வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தேன். அன்றைக்கென்று எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோய்விட்டதால், பக்கத்து வீட்டுக்காரி அவள் வீட்டில் காபி போட்டுத் தூக்குவாளியில் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது யோசித்தால் வேனில் வந்தவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அடுப்பு எரியாத வீடு. பக்கத்து வீட்டுக் காபி. வாசலில் நாற்காலி போட்டு ஆண்கள். நடுவில் மூங்கிலில் கட்டி, வெள்ளை வேட்டி போர்த்திய ஒன்று. பத்து மணி.

வேன் ரோட்டில் நிற்கும்போதே நாத்தனார் தலையை அவிழ்த்துவிட்டாள். பெண்கள் எல்லாம் மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் துடைப்பத்தோடு நின்றிருந்தேன். எனக்குத் தோன்றியது இதுதான்: அவர்கள் பக்கம் யாரோ போய்விட்டார்கள், நமக்குச் சொல்லவில்லை. அழுதுகொண்டு வருகிறவளைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் முறை. யாருக்காக என்று கேட்பது முறையில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு நாத்தனாரைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அவள் வீட்டுக்காரராக இருக்குமோ என்று நினைத்த உடனே இன்னும் ஓங்கி அழுதேன். அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தால், அவள் வீட்டுக்காரர் ரோஜா மாலையோடும் கோடி வேட்டியோடும் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவர் இல்லை. அப்படியானால் யார் என்று அழுகைக்கு நடுவே ஒவ்வொருவராகக் கணக்குப் பார்த்தேன்.

நாத்தனார் ஒப்பாரி எடுத்தாள். அவளுக்குக் குரல் நன்றாக இருக்கும்.

"தலைத்தண்ணி வருமுன்னே
தனியாக் கிளம்பிட்டியே,
காஞ்ச மதகப் பாத்துப் பாத்துக்
கண்ண மூடிக்கிட்டியே,
கேட்டதுக்கு இல்லேங்காத
கெட்டிக் கை சாஞ்சிடுச்சே,
கட்டுக் கரும்பெடுத்துக்
கை நெறையக் கொடுத்தாரே..."

கரும்பு என்றதும் எனக்குக் கொஞ்சம் உறைத்தது. அதற்குள் அவள் வீட்டுக்காரர் மாலையை வெள்ளை வேட்டி மேல் சாத்திவிட்டுக் கும்பிட்டார். நாத்தனார் என்னை விட்டுவிட்டுப் போய் அதன் மேல் விழுந்தாள். "எழுந்திரிண்ணே" என்று இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள்.

உள்ளே இருந்து பெரிய சத்தம் ஒன்று வந்தது. அத்தனை கம்பிகளும் ஒரே நேரத்தில் அதிர்ந்து, அடங்காமல் முனகிக்கொண்டே இருந்தன.

நாத்தனார் துள்ளிப் பின்னால் வந்தாள். அழுகை நின்றுவிட்டது. லோடுமேன் ஒருவர் காபி டம்ளரோடு அப்படியே நின்றார்.

அந்த அமைதியில் பின்னறையிலிருந்து இழுத்து இழுத்துக் குரல் வந்தது: "யாரு... செத்தது?"

"அண்ணே?" என்றாள் நாத்தனார், வெள்ளை வேட்டியைப் பார்த்து.

அப்புறம் நடந்ததைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உள்ளே ஓடிப் பார்த்து, கட்டிலில் அவர் கண்ணைத் திறந்து கிடப்பதைக் கண்டு, இன்னொரு தடவை எல்லாரும் அழுது முடித்தார்கள். பிறகு என் மேல் திரும்பினார்கள்.

"ஏன் அண்ணி, இப்படியா ஒருத்தி போன்ல பேசுவா?"

"நான் என்னம்மா சொன்னேன்?"

"முடிஞ்சுது, மூச்சு வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க பெரியம்மா" என்றாள் மருமகள், முகம் சிவந்து. "புருஷன் போனதுக்கு இவ்வளவு நிம்மதியாப் பேசுறாங்களேன்னு எனக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல."

"எது முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அதப் போயி யாராச்சும் கேப்பாங்களா?"

அதுவும் சரிதான்.

என் வீட்டுக்காரர் மட்டும் கோபப்படவில்லை. வாய் கோணியிருந்தாலும் அவர் சிரிப்பது எனக்குத் தெரியும். தங்கச்சியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"கேட்டதுக்கு இல்லேங்காத... அதுக்கப்புறம் என்ன சொன்ன?"

"போண்ணே" என்றாள் அவள், மூக்கைச் சிந்திக்கொண்டு.

"சொல்லு. சரியாக் காதுல விழல."

சொல்லும்வரை விடவில்லை. கெட்டிக் கை, கட்டுக் கரும்பு எல்லாம் இன்னொரு தடவை, ராகம் இல்லாமல், வெட்கத்தோடு சொல்ல வேண்டியதாயிற்று. "கரும்பு ஒல்லியா இருந்துச்சே?" என்றார். வேனில் வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோடி வேட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் நாத்தனார் வீட்டுக்காரர் கையில் வைத்துக்கொண்டு நிற்க, "இங்க குடுங்க மச்சான், நான் கட்டிக்கிறேன். மாலை அதுக்கே இருக்கட்டும்" என்றார்.

மாலை அதற்கே இருந்ததுதான் வினையாயிற்று. டெம்போ டிரைவர் வெளியே நின்றபடி மண்டபக்காரருக்குப் போன் போட்டு, சிரித்துச் சிரித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. போனை என்னிடம் நீட்டினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா" என்றது பேராவூரணிக் குரல். "நாங்க கல்யாணம் நடத்துற எடம். சாவு மாலை விழுந்த பொருளைப் பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னாடி எப்படி வைக்கிறது?"

"சாவு இல்லைங்களே" என்றேன்.

"சாவு இல்லைங்கிறது நமக்குத் தெரியும். மாலைக்குத் தெரியுமா?"

வைத்துவிட்டார்.

டெம்போக்காரர் வந்து போகும் வாடகையை வாங்கிக்கொண்டு காலி வண்டியோடு போனார். லோடுமேன்கள், எடுத்த கூலி எடுத்த கூலிதான், திரும்ப உள்ளே வைக்கத் தனிக் கூலி என்றார்கள். மகன் காலை மீட்டிங் முடிந்து இப்போதுதான் போனில் வந்தான். "உள்ளயே வச்சுடச் சொல்லும்மா. வேற ஆள் பாப்போம். மழை கிழை வந்தா வீணாப் போயிடும்" என்றான். நாத்தனார் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். வெல்டிங்காரர்கூட, உள்ளே வைத்துவிட்டால் கிரிலைத் திரும்பப் பற்றவைத்துவிடலாம் என்றார். எல்லா ஆண்களுக்கும் ஒரே கருத்து. லோடுமேன்கள் எழுந்து மூங்கிலைத் தோளில் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு ஆண்கள் நடுவில் நின்று வேண்டாம் என்று சொல்ல வராது. உள்ளே போனேன். பின்னறைக் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து இழுத்தேன். அவரோடு சேர்ந்து கட்டில் கொஞ்சம் நகர்ந்தது, பிறகு நின்றுவிட்டது. நாத்தனார் என்னைப் பார்த்தாள், கூடத்தைப் பார்த்தாள். காலியான கூடத்தில் ஜன்னல் திறந்து கிடந்தது. அவள் நேராகத் தலைமாட்டுக்குப் போனாள். வாசலைப் பார்த்து, "ஏம்ப்பா, அதப் போட்டுட்டு இங்க வாங்க. எடுக்கத்தானே எல்லாரும் வந்தோம், எடுங்க" என்றாள்.

அவளுக்கு அந்தக் குரல் உண்டு. அவள் வீட்டுக்காரர், அவள் மகன், லோடுமேன்கள், வெல்டிங்காரர் எல்லாருமாகக் கட்டிலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கூடத்து ஜன்னலோரம் இறக்கினார்கள். தலையணையை உயர்த்தி வைத்தேன். அவர் கழுத்தைத் திருப்பி ரோட்டுப் பக்கம் பார்த்தார்.

ஜன்னலுக்கு நேரே, வெள்ளை வேட்டியும் ரோஜா மாலையுமாக அது கிடந்தது. வாய்க்கால் தெரியவில்லை.

"மாலை போட்ட போட்டோவ எதுக்க வச்ச மாதிரி இருக்கு" என்றார். "தள்ளச் சொல்லுடி."

தள்ளத் தனிக் கூலி. கொடுத்தேன். கொல்லைப் பக்கம் தென்னை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

யாரும் சாகவில்லையே, குளிக்காமல் சாப்பிடலாமா என்று வேனில் வந்த பெண்களுக்குள் விவாதம் வந்தது. அழுதது அழுததுதான் என்று மூத்தவள் ஒருத்தி தீர்த்துவைத்தாள். மோட்டார் போட்டு எல்லாரும் குளித்தார்கள். பக்கத்து வீட்டு அடுப்பில் எல்லாருக்கும் சாம்பார் வைத்தோம். ஓசியில் வந்த பொருளுக்கு லாரி, கிரில், கிரிலை அறுத்தது, டெம்போ, கூலிக்கு மேல் கூலி, ஒரு வேன் ஆட்களுக்குச் சோறு. என் மாமனார் வாங்கிய கிழிந்த வேட்டியை ஒட்டுப்போட நூல் மட்டும்தான் ஆனது.

கிரிலைத் திரும்ப வைக்கவில்லை. பியானோ தென்னை மரத்தடியில் கிடக்கிறது. மட்டை விழும்போது சத்தம் போடும். கோழிகளுக்கு அது பழகிவிட்டது. மகன் போனில் பத்திரமா இருக்கா என்று கேட்கும்போது, யாரைக் கேட்கிறாய் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வார முடிவிலேயே தண்ணீர் வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். ஜன்னலிலிருந்து சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று ஓடிவந்தேன். அழவில்லை. தலைத்தண்ணீர் எப்போதும் போலக் குப்பையைத்தான் முதலில் தள்ளிக்கொண்டு வந்தது; பிளாஸ்டிக் கப்பு, ஒற்றைச் செருப்பு, ஆகாயத்தாமரை. மேல் மடைக்காரன் மதகில் பலகையைச் சாய்த்துத் தன் வயலுக்கு மட்டும் திருப்பிக்கொண்டிருந்தான்.

"எவன்டா அவன்... பலகைய எடுடா" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். இழுத்து இழுத்துத்தான் வந்தது. ஆனாலும் அவன் திரும்பிப் பார்த்தான், பலகையை எடுத்தான்.

பின்னறையில் கிடந்தபோது அவர் திட்டுவது எனக்கு மட்டும்தான் கேட்கும். இப்போது ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பங்குபோட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.